கம்பியில்லா ஹெட்போனும் அதன் ஒலித்தரமும்

சென்ற ஓணத்திற்கு முந்திய வாரம் திருவனந்தபுரம் மகாத்மா காந்தி சாலையிலுள்ள ஒரு கடையில், கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருந்த ஹெட்போன் ஒன்றின் முன்னால் நான் கால் மணி நேரம் நின்றிருந்தேன். அதன் விலை 34,990 ரூபாய். கரமனையில் நான் குடியிருக்கும் வீட்டிற்கு அது மூன்று மாத வாடகை. பக்கத்துப் பேழையில் அதே உருவமும் அதே கறுப்பு நிறமும் உடைய மற்றொன்று 2,499 ரூபாய்க்கு இருந்தது. இரண்டிலும் கம்பி இல்லை. இரண்டும் காதை முழுவதும் மூடுபவை. வேற்றுமை எங்கே இருக்கிறது என்று விற்பனையாளரைக் கேட்டேன். "சவுண்ட் குவாலிட்டி, சார்" என்றார். அந்த இரண்டு சொற்களுக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் பெறுமா என்னும் கேள்வியோடு அன்று வெறுங்கையுடன் வீடு திரும்பினேன்.

ஹெட்போன் எனக்காகத் தேடியதன்று. என் அன்னையாருக்கு வயது 76. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியபோது அவர் பதினான்கு வயதுப் பெண். அந்நிலையத்தோடு சேர்ந்து வளர்ந்தவர் என்றே சொல்லலாம். தந்தையார் மறைந்தபின் எங்களோடு இங்கே வந்துவிட்டார். அண்டை வீட்டார் அன்புள்ளவர்கள். ஆயினும் அவர்கள் பேச்சு மலையாளம். அம்மாவுக்குத் தமிழ் என்பது நாங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை வானொலிதான். கைப்பேசியில் பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலி வழியாக அதைக் கேட்கிறார். சென்ற ஓராண்டாகக் கைப்பேசியின் ஒலி உச்சத்திலேயே நிற்கிறது. அப்படியிருந்தும், "இப்போ பேசுறவங்கல்லாம் வாய்க்குள்ளேயே பேசுதாங்க" என்று குறைப்பட்டுக்கொள்கிறார். சுவருக்கு அப்பால் ஒரு மாணவி மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஆகையால் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்தால் இரு வீட்டாருக்கும் நிம்மதி என்று எண்ணினேன்.

வாங்குமுன், ஏற்கெனவே வாங்கியவர்களைக் கேட்பது நம்மவர் வழக்கம். நான் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளன். ஒரு சொல்லின் பொருளை அகராதியில் பார்ப்பதோடு நில்லாமல், அதை வழங்குபவரையும் கேட்டுப் பழகியவன். ஒரு மாத காலம் அலுவலகத்திலும் தெருவிலும் விலையுயர்ந்த ஹெட்போன் உடையவர் பலரைக் கேட்டேன். அவர்கள் கூறியதையும், அவற்றை விளங்கிக்கொள்ளப் பின்னர் படித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். வானொலிப் பேச்சில் வணிகப் பெயர்களைத் தவிர்ப்பது மரபு. இப்பொருளைப் பற்றிப் பெயரின்றிப் பேசவே இயலாதாகையால் சில பெயர்கள் வரும். அவற்றை நேயர்கள் பரிந்துரையாகக் கொள்ள வேண்டா.

முதலாமவர் கணக்குப் பிரிவில் பணிபுரியும் இளைஞர். கொல்லத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் வந்து போகிறவர். அவரிடம் இருப்பது சோனி நிறுவனம் 2022-இல் வெளியிட்ட டபிள்யூ.எச். 1000 எக்ஸ்.எம். 5 என்னும் கருவி. "பாட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் சார், மாட்டியவுடன் யாரோ அறைக் கதவைச் சாத்தியது போல இருக்கும், அதுதான் விஷயம்" என்றார். ஒலித்தரத்தைப் பற்றிக் கேட்டால் மௌனத்தைப் பற்றிச் சொல்கிறாரே என்று எனக்கு வியப்பு. ஆனால் பின்னர்க் கேட்ட பலரும் முதலில் அதையே சொன்னார்கள். எனவே அதை முதலில் விளக்கிவிடுவது நலம்.

ஒலி என்பது காற்றில் அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாகும். ஓர் அலை ஏறும் அதே கணத்தில், அதே அளவில் இறங்கும் மற்றோர் அலையைக் கொண்டுவந்து சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஜெர்மானியரான பால் லூக் என்பவர் இக்கருத்துக்கு 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கருத்து இருந்தது, அதை நடத்திக்காட்டும் மின்னணுக் கருவிதான் அன்று இல்லை. அதைக் காதளவில் சாதித்தவர் நம் நாட்டு இரத்தம் உடையவர். வங்காளத்தில் ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போராடி, அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற நோனி கோபால் போஸின் மகன் அமர் போஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர். 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டன் செல்லும் விமானத்தில், இசை கேட்கத் தரப்பட்ட ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேளாமல் வெறுத்துப்போய், அப்பயணத்திலேயே தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார் என்பது அவர் வரலாறு. விமானிகளுக்கான முதற்கருவி விற்பனைக்கு வந்தது 1989-இல். பொதுமக்களுக்கான 'குவயட் கம்ஃபர்ட்' 2000-இல். ஒரு விமானப் பயணத்தின் எரிச்சல் கடைத்தெருவுக்கு வர இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

இன்றைய கருவிகளில், காதுக் கிண்ணத்தின் வெளியேயும் உள்ளேயும் நுண்ணிய மைக்குகள் உள்ளன. அவை இரைச்சலைக் கேட்க, உள்ளிருக்கும் சில்லு அதற்கு எதிர் அலையைக் கணித்து இசையோடு சேர்த்து அனுப்புகிறது. இது ரயில் சக்கரத்தின் உருமல், பேருந்தின் எஞ்சின், மின்விசிறி முதலிய தாழ்ந்த, ஒரே சீரான ஓசைகளில் நன்றாக நடைபெறும். நொடிக்கு ஆயிரம் அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஓசைகளிலும், குக்கர் விசில், குழந்தையின் அழுகை போலத் திடீரென்று எழுபவற்றிலும் அதன் ஆற்றல் குறைந்துவிடும். அங்கே காதை மூடும் பஞ்சணைதான் காவல். நம் ஊரில் தகரக் கூரையின்மேல் இடவப்பாதி மழை பெய்யும்போது இரைச்சல் பாதிதான் அடங்கும் என்று ஒருவர் சொன்னார். காரணம் இதுவே: மழையோசையில் தாழ்ந்த அதிர்வும் உண்டு, உயர்ந்த அதிர்வும் உண்டு.

இதனால் வரும் நன்மையை அந்தக் கொல்லத்து இளைஞர் தாமறியாமலே சொல்லிவிட்டார். பழைய ஹெட்போனில் ரயிலில் ஒலியை முக்கால் அளவு வைப்பாராம். இதில் பாதிகூட வேண்டியதில்லையாம். இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தத் தேவையில்லாதபோது, தம்புராவும் பாடகர் மூச்சு வாங்குவதும்கூடக் கேட்கின்றன. உடையவர்கள் "துல்லியம்" என்று புகழ்வதில் பெரும்பங்கு இந்த நிசப்தம். அமைதியான அறையில் இரவு பத்து மணிக்குக் கேட்பவருக்கு இந்தப் பங்கு கிடைக்காது. அவர் அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். இன்னொன்று: அதே இளைஞர் ரயில் நிலையத்தில் பின்னாலிருந்து போர்ட்டர் கூவியது கேளாமல் வண்டியில் இடிபட்டுக் கணுக்காலைச் சிராய்த்துக்கொண்டார். தண்டவாளத்தருகேயும் சாலையிலும் இதை மாட்டலாகாது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை.

இரண்டாமவர் டெக்னோபார்க்கில் பணிபுரியும் பொறியாளர். அவருக்கு எண்கள்தாம் உயிர். "எங்கள் கருவி 990 கிலோபிட்டில் ஓடுகிறது, நீங்கள் சொல்லும் மலிவுக் கருவிகளெல்லாம் 328" என்றார். இவ்வெண்கள் எவை என்று பார்ப்போம்.

கைப்பேசிக்கும் ஹெட்போனுக்கும் இடையே ஒலியைச் சுமந்து செல்வது புளூடூத் என்னும் சிறு வானொலி. சுவீடனில் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய முயற்சி இது. டென்மார்க்கைப் பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனின் பட்டப்பெயரை இதற்கு வைத்தார்கள். எங்கள் அலுவலகத்திற்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பு வரைவில் இதை 'நீலப்பல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பிழை என்று சொல்வதற்கில்லை, பொருள் அதுவேதான்! ஆயினும் கொள்முதல் கோப்பில் நீலப்பல் பத்து உருப்படி என்று எழுத மனம் வராமல் அடித்துவிட்டேன். இந்தச் சிறு வானொலி 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில், 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவிப் பேசுகிறது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். அது ஓடும்போது பாட்டு விக்குவதன் காரணம் அதுவே.

குறுந்தட்டில் உள்ள இசை நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளாக, இரண்டு செவிகளுக்கும் எழுதப்படுகிறது; ஆக நொடிக்கு 14,11,200 பிட்டுகள். புளூடூத்தால் இவ்வளவையும் தடையின்றிச் சுமக்க இயலாது. ஆகவே அனுப்புமுன் சுருக்குகிறார்கள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்.பி.சி. என்னும் சுருக்கமுறை வழக்கமாக 328 கிலோபிட் வரை செல்வது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சோனியின் எல்டாக் 330, 660, 990 என்று மூன்று படிகளில் இயங்கும். ஐம்பது பக்க அறிக்கையைப் பன்னிரண்டு பக்கத்தில் சுருக்குவதே என் பிழைப்பாகையால் இது எனக்கு எளிதில் விளங்கியது. நல்ல சுருக்கத்தில், படிப்பவர் தவறவிடாதவையே விடுபடும். மிருதங்கத்தின் பலத்த அடி விழும் கணத்தில் அதனருகே ஒலிக்கும் மெல்லிய ஓசை மனிதச் செவிக்குப் புலப்படாது. சுருக்கமுறை முதலில் கைவிடுவது அத்தகைய ஓசைகளையே.

பொறியாளரிடம் ஒரு வினா கேட்டேன்: "உங்கள் கைப்பேசி எது?" ஆப்பிள் ஐபோன். அக்கைப்பேசி எல்டாக்கை அனுப்புவதில்லை, எஸ்.பி.சி.யும் ஏ.ஏ.சி. என்னும் முறையும் மட்டுமே அதில் உண்டு. ஆக, ஈராண்டாக அவர் 990 கிலோபிட்டின் அழகை அனுபவித்ததாக எண்ணிக் கேட்டது ஏ.ஏ.சி.யைத்தான்! அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனாலும் நன்றாகத்தானே இருந்தது" என்றார். மிகவும் உண்மை. என் விசாரணையில் கிடைத்த விடைகளுள் நேர்மையானது இதுவே என்று நினைக்கிறேன்.

நன்றாக இருந்ததற்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்க ஒலிப்பது என்னும் சமன்பாடுதான் ஒரு ஹெட்போனின் குணம். தாழ்ந்த ஓசையைத் தூக்கினால் கனமாகவும், நடுவோசையைத் தூக்கினால் குரல் முன்னால் நிற்பதாகவும், மேலோசையைத் தூக்கினால் பளிச்சென்றும் கேட்கும். ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர் ஷான் ஆலிவும் அவர் தோழர்களும் 2010-களில் பலரை மறைத்துவைத்த கருவிகளைக் கேட்கச் செய்து சோதித்தனர். ஓர் அறையில் நல்ல ஒலிபெருக்கியைக் கேட்பது போன்ற சமன்பாட்டையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று கண்டார்கள். அந்தச் சமன்பாட்டை அடையப் பொன்னும் வெள்ளியும் தேவையில்லை. யெரூன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு, 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். சமன்பாட்டுக்கும் விலைக்கும் தொடர்பே காணவில்லை என்பது அவர் முடிவு.

அப்படியானால் உடையவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. கண்ணும் காதோடு சேர்ந்து கேட்கிறது. ஃபிளாய்டு டூல் என்பவரும் மேற்கூறிய ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் வைத்து ஒருமுறையும் திரையின்றி ஒருமுறையும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரை விலகியதும், பெரியவையும் அழகியவையும் மதிப்பெண் ஏறின. சிறியதாகவும் மலிவாகவும் தோன்றியது இறங்கிற்று. மதிப்பிட்டவர்கள் அத்துறையிலேயே வேலை செய்பவர்கள். இவர்களே இப்படியென்றால், மூன்று மாத வாடகையைக் கொடுத்துவிட்டு வீட்டிற்கு வந்து பெட்டியைத் திறப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று சொல்லவும் வேண்டுமோ! இத்துடன் பழக்கமும் சேர்கிறது. முதல் நாள் மந்தமாகத் தோன்றிய கருவி பத்தாம் நாள் இனிமையாகத் தோன்றுவதற்குக் கருவி மாறியதைவிட நம் செவி இணங்கியதே பெரும்பாலும் காரணம்.

மூன்றாமவர் எங்கள் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற மேலதிகாரி. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் தரையில் அமர்ந்து ஆண்டாண்டாகக் கச்சேரி கேட்டவர். ஜனவரியில் குதிரமாளிகையில் நடக்கும் சுவாதி உற்சவத்தைத் தவறவிடாதவர். அவருக்கு வளைகுடா நாட்டிலிருக்கும் மகன் அனுப்பியது ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ். 2020-இல் அது வெளிவந்தபோது இந்திய விலை 59,900 ரூபாய்; எடை 385 கிராம். "அரை மணிக்குமேல் கழுத்து தாங்கவில்லை" என்பது அவருடைய முதல் விமரிசனம். சோனியின் கருவி 250 கிராம்தான் என்பதை அவரிடம் சொல்லாமல் விட்டேன்.

அவருடைய மனக்குறை வேறு. இவ்வூர்ச் சுவாதித் திருநாள் இசைக் கல்விக்கூடத்தில் 1963 வரை முதல்வராக இருந்த செம்மங்குடி சீனிவாச ஐயரின் பழைய வானொலிக் கச்சேரி ஒன்று அவரிடம் உள்ளது. சிறிய டிரான்சிஸ்டரில் தேனாக இருந்தது, அறுபதாயிரம் ரூபாய்க் கருவியில் இரைச்சலும் இருமலுமாக இருக்கிறதாம். இதில் கருவியின் குற்றம் ஒன்றுமில்லை. மத்திய அலை ஒலிபரப்பில் நமக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஓசைதான்; பண்பலையில் 15,000 வரை. பழைய ஒலிநாடாவின் சீறல் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பது. டிரான்சிஸ்டரின் சிறு ஒலிபெருக்கி அதை ஒலிக்க மாட்டாமல் மறைத்து உபகாரம் செய்தது. புதுக்கருவி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது; மூலத்தில் இல்லாத ஒன்றை அதனால் சேர்க்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் யாவருக்கும் இந்த வேதனை தெரியும்.

அவர் கூறிய இன்னொரு குறையை மட்டும் நீக்க முடிந்தது. வேறொரு கருவியை அவருக்கு இரவல் தந்தேன். அதில் மிருதங்கத்தின் தொப்பி ஊதிப்போய், வலந்தலையின் நாதத்தையும் பாடகர் குரலையும் மூடுகிறது என்றார். மேலைநாட்டு நடன இசைக்கு ஏற்பத் தாழ்ந்த ஓசையைத் தூக்கிவைத்த கருவிகள் பல. ஆடவரின் ஒரு கட்டைச் சுருதியின் ஆதார சட்ஜமம் நொடிக்குச் சுமார் 131 அதிர்வுகள். தூக்கிவைத்த பகுதி அதற்கும் கீழே, தொப்பியின் இருப்பிடத்தில். இத்தகைய கருவிகள் பெரும்பாலானவற்றுக்குக் கைப்பேசியில் ஒரு செயலி தருகிறார்கள். அதில் ஓசைச் சமன் செய்யும் பகுதியில் தாழ்ந்த ஓசையை இரண்டு மூன்று படி இறக்கினோம். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "இப்போது தம்புரா தெரிகிறது" என்றார். செலவு ஒன்றுமில்லை.

இசைக் கல்லூரி மாணவி ஒருத்தியின் அனுபவம் சுருக்கமானது: பாடிப் பழக இது உதவாது. சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் ஒலி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குவரை தாமதிக்கக்கூடும். நிமிடத்திற்கு 75 தட்டு, தட்டுக்கு நான்கு சுரம் என்று பாடினால் ஒரு சுரத்தின் நீளம் அதுவே. தன் குரலே ஒரு சுரம் பிந்தி வந்தால் எப்படிப் பாடுவது? அவள் அறுநூறு ரூபாய்க்குக் கம்பியுள்ள ஒன்றை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாக இருக்கிறாள்.

மனைவியின் தோழியான ஆசிரியை ஒருவர், கடையில் கேட்ட முழக்கம் வீட்டில் இல்லை என்றார். கடையில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டினாராம். வீட்டில் கண்ணாடியும் ஜிமிக்கியுமாக மாட்டுகிறார். பஞ்சணைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு சிறு சந்து விழுந்தாலும் தாழ்ந்த ஓசை கசிந்துவிடும். இரைச்சல் நீக்கமும் தளர்ந்துவிடும். ஆகவே வாங்குவோர், அன்றாடம் இருக்கும் கோலத்திலேயே மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரப்பில் வையுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றி ஏமாற்றும். கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டை விடுத்து, நீங்கள் நூறு முறை கேட்ட பாட்டைக் கேளுங்கள். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தையும் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயையும் பஞ்சணையின் செயற்கைத் தோல் நெடுநாள் தாங்குவதில்லை. மாற்றுப் பஞ்சணை கிடைக்குமா என்று முன்னரே கேட்டு வைப்பது நல்லது. உள்ளிருக்கும் மின்கலமும் ஆண்டுதோறும் மெலிவது. கம்பியுள்ள கருவி பேரப்பிள்ளைக்குப் போகும். இது அவ்வாறு போகாது.

இவ்வளவையும் கேட்டு அறிந்தபின் ஒரு நாள் ஆசிரியையின் ஹெட்போனை இரவல் வாங்கி அம்மாவுக்கு மாட்டினேன். ஓரளவு உரக்கவே வைத்தேன். இரண்டு நிமிடம் கேட்டார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு மக்கா. என்ன சொல்லுதான்னுதான் விளங்கல" என்றார். கருவியின் தரத்தைப் பற்றி ஒரு மாதம் விசாரித்த எனக்கு, காதின் தரத்தைப் பற்றி யாரையும் கேட்கத் தோன்றவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

இந்நகரில் 1997-இல் தொடங்கப்பட்டு, இப்போது ஆக்குளத்தில் இயங்கிவரும் 'நிஷ்' என்னும் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்திற்கு அவரை அழைத்துச் சென்றேன். ஒலிபுகா அறையில் அமர்த்தி, தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாகச் சோதித்து ஒரு வரைபடம் தந்தார்கள். ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கோடு ஏறக்குறையச் சமதரையில் செல்கிறது. அதற்கு மேல் மலைச்சரிவு. உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் முதுமையில் உயர்ந்த அதிர்வெண் பக்கத்திலிருந்தே அழியத் தொடங்குகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

தமிழ் எழுத்துகளை நினைத்துப் பாருங்கள். உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் நிற்கிறது. க, த, ப என்னும் வல்லினங்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் நொடிப்பொழுது வெடிப்பும், சகரத்தின் உரசலும் பெரும்பாலும் மேலே இருப்பவை. ஆகவே அம்மாவுக்கு ஆளின் குரல் கேட்கிறது, ஆணா பெண்ணா என்று தெரிகிறது. கடையா தடையா படையா என்பதுதான் தெரிவதில்லை. ஒலியை உயர்த்தினால், ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் பகுதிதான் மேலும் இடிக்கிறது. "வாய்க்குள்ளேயே பேசுதாங்க" என்று அவர் சொன்னது மிகத் துல்லியமான மருத்துவக் குறிப்பு என்பதை ஓராண்டாக நாங்கள் உணரவில்லை.

முதுமை ஒன்றே இதற்குக் காரணமாக இருப்பதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ள கணக்கின்படி 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரத்திற்கு ஏறக்குறைய 4 மணி நேரமே. உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இவ்வரம்பு கடந்த ஓசையால் செவியிழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் ஹெட்போன் உரப்பைக் காட்டும் அளவுகோலே இருக்கிறது. வீட்டிலுள்ள பிள்ளைகளின் கைப்பேசியில் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஹெட்போன் தொழிலும் செவித்துணைக் கருவித் தொழிலும் இப்போது ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. சென்ஹைசர் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் பொதுமக்கள் ஹெட்போன் பிரிவு 2022-இல் சுவிட்சர்லாந்தின் சோனோவாவிடம் சேர்ந்தது; சோனோவா செவித்துணைக் கருவி செய்வோர். 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு, ஆப்பிளின் காதுச்செருகி ஒன்றை லேசான, நடுத்தரக் கேள்விக்குறைவுக்குச் செவித்துணையாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் எந்தச் செயலியும் அந்த வரைபடத்தைப் பார்த்து முடிவு சொல்லும் நிபுணருக்கு ஈடாகாது என்பதையும் அங்கேயே கேட்டறிந்தேன்.

அம்மாவின் இரு செவிகளுக்கும், அவருடைய சரிவுக் கோட்டிற்கு ஏற்ப மேலோசையை மட்டும் உயர்த்தும் செவித்துணைக் கருவி பொருத்தினோம். கடையில் பார்த்த ஹெட்போனைவிட விலை மிகுதி. மத்திய அரசு ஊழியரான நேயர்கள், தங்களைச் சார்ந்த பெற்றோருக்கு மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் ஓர் உச்சவரம்புக்குட்பட்டு ஈடு கிடைக்கும் என்பதை அறிந்து, வாங்குமுன்னரே விதிகளைப் பார்த்துக்கொள்க. வாங்கியபின் பார்ப்பது வீண் அலைச்சல். இந்தக் கருவிக்குள்ளும் புளூடூத் இருக்கிறது. கைப்பேசியில் வரும் வானொலி, இடையில் ஹெட்போன் என்று ஒன்றில்லாமலே நேரே காதுக்குள் இறங்கிவிடுகிறது.

ஒரு வாரம் கழித்து, மற்றவர்களைக் கேட்டது போலவே அவரையும் கேட்டேன்: ஒலித்தரம் எப்படி? "மிருதங்கம் தகரத்துல தட்டுன மாதிரில்லா இருக்கு" என்றார். உண்மைதான். செவித்துளையை முழுவதும் அடைக்காத கருவியில் தாழ்ந்த ஓசை வெளியே கசிந்துவிடும். தொப்பி அவருக்குக் கிடைப்பதில்லை. "ஆனா செய்தி ஒரு சொல்லு விடாம விளங்குது. அந்த ஆளு வாயைத் தொறந்து பேச ஆரம்பிச்சிட்டான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இப்போது மாலையில் எங்கள் வீட்டில் வானொலி ஓடுவது வெளியே தெரிவதில்லை. அடுத்த வீட்டு மாணவி நிம்மதியாகப் படிக்கிறாள். அம்மா சன்னலோரம் அமர்ந்து தமக்குத் தாமே தலையாட்டிக்கொண்டிருப்பார். என்ன கேட்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. சென்ற வாரம் தாமிரபரணியில் வெள்ளம் ஏறுகிறது என்பதை நான் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.